மடையன் மடை திறந்தானா?

இந்த வாரம் மட்டும் 3 பேர் அனுப்பிவிட்டார்கள், "இனி யாரையும் மடையன் என்று திட்டாதீர்கள்" என்று தொடங்கும் அந்த வாட்ஸ்அப் செய்தியை. வெள்ளம் வரும்போது பெண்டாட்டி பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கண்மாய்க்குள் முங்கி மடையைத் திறந்தவன்தான் மடையனாம். கடைசியாக அனுப்பியவன் என் மச்சான். தொண்டிக்காரன், படித்தவன் வேறு.

எங்கள் பக்கம் இந்தக் கதை சுலபமாக விலைபோகும். தொண்டியிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய். 'நாரை பறக்காத 48 மடை' என்று பேர் வாங்கியது. முங்கித் திறப்பதும் பொய்யில்லை. பழைய குமிழி மடையில் ரெண்டு கல்தூண் தண்ணீருக்கு மேலே நிற்கும். அடியில் கிடக்கும் துளையை ஒரு கல் அடைத்திருக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு போய் அதைத் தூக்கினால்தான் வயலுக்குத் தண்ணீர்.

பெரியப்பா அந்த வேலை பார்த்தவர். கல்லில் நசுங்கிய கட்டைவிரல் நகம் இன்னும் கறுத்தே இருக்கிறது. செய்தியைப் படித்துக் காட்டினேன். "என்னைய ஊரே நீர்ப்பாய்ச்சின்னுதாண்டா கூப்பிட்டுச்சு. மடையன்னு சொன்னது ஒங்க பெரியம்மா மட்டுந்தான். அதுவும் கூலி நெல்ல வித்துச் சீட்டாடுனப்ப!"

வசவின் வேர் மடை இல்லை, மடம். மடமை. 'அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு' என்று பெண்களுக்குப் பட்டியல் போட்டார்களே, அதே மடம்தான் (தெரிந்தும் தெரியாதவள்போல் இருக்க வேண்டுமாம், அது தனிக் கூத்து). வள்ளுவர் 89ஆவது குறளில், கையில் காசிருந்தும் விருந்து பேணாதவனைப் பற்றி 'மடமை மடவார்கண் உண்டு' என்கிறார். 153இல் 'மடவார்ப் பொறை', அதாவது புத்தியில்லாதவர் செய்வதைப் பொறுத்துக்கொள்வது. இந்த மடவாரில் ஒருத்தரும் கண்மாயில் இறங்கியவரில்லை. சொல் ஒன்றுபோல் ஒலிப்பதுதான் சாட்சி என்றால், பழந்தமிழில் மடையன் என்றால் சமையல்காரனும்தான். கோயில் மடைப்பள்ளிக்காரர்களும் சண்டைக்கு வரலாம். கொக்கு வகையில் மடையான் என்று ஒன்று இருக்கிறது, அதுவும் வரலாம்.

பெரியப்பா பட்ட பாட்டுக்கு நீர்ப்பாய்ச்சி என்ற பேரே போதாதா? அவரைக் கும்பிட ஒரு வசவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவர வேண்டுமா?

எரிச்சலில் நானும் ஒன்று செய்தேன். கடல் வற்றியதும் சேற்றில் கைவிட்டு மட்டிச் சிப்பி பொறுக்கி வளர்ந்தவர்கள் நாங்கள். மக்குப் பயலையும் மட்டி என்போம். "ஆபத்தில் மட்டிபோல் வாயை இறுக மூடி ரகசியம் காத்த பாண்டிய வீரனே மட்டி" என்று டீக்கடையில் மச்சானிடம் அளந்துவிட்டேன். சுத்தப் புளுகு. சிரிக்காமல் கேட்டுக்கொண்டான்.

நேற்று ராத்திரி குடும்பக் குரூப்பில் எனக்கே வந்து சேர்ந்தது. என் பாண்டிய வீரன் அதற்குள் ராமநாதபுரம் சேதுபதி மன்னரின் முத்துக்குளிப்புப் படைத் தளபதியாகியிருந்தான்.