5ஜி முதலில் ஆம்புலன்ஸுக்குள் வரட்டும்

5ஜியால் மருத்துவத்துக்கு என்ன லாபம் என்று பேச்சு வந்தாலே, எங்கோ உட்கார்ந்திருக்கும் டாக்டர் ரோபோ கையால் ஆபரேஷன் செய்கிற படத்தைக் காட்டிவிடுகிறார்கள். நடக்கட்டும், சந்தோஷம்தான். ஆனால் பலருடைய உயிர் ஆபரேஷன் மேஜைக்கு வரும் முன்பே, வழியிலேயே ஊசலாடுகிறது. புதிய நெட்வொர்க்கின் பலன் முதலில் அந்த வண்டிக்குத்தான் போய்ச் சேர வேண்டும் என்பது என் கருத்து.

நெஞ்சுவலி என்று ஒருவரை ஏற்றுகிறார்கள். மார்பிலும் கைகால்களிலும் பத்து இடத்தில் மின்முனைகளை ஒட்டி, வண்டியிலேயே இசிஜி எடுத்தாகிவிட்டது. அந்தத் தாள் நோயாளியோடு சேர்ந்தே ஆஸ்பத்திரிக்கு வந்தால், அதற்கப்புறம்தான் இதய மருத்துவரைக் கூப்பிட்டு, கேத் லேபை, அதாவது இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் அறையைத் தயார் செய்ய வேண்டும். அதுவே வண்டி கிளம்பும்போதே மருத்துவரின் போனுக்குப் போய்விட்டால்? இசிஜியில் மாரடைப்பின் அடையாளமாகக் கோடு மேலே தூக்கியிருப்பதைப் பார்த்ததும் அவர் ஆட்களை வரச் சொல்லிவிடுவார். ஸ்ட்ரோக்கில் அவசரம் இன்னும் கொடுமை. மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன. முகம் கோணியிருப்பதையும் தூக்கிய கை தொய்வதையும் ஒரு நரம்பியல் மருத்துவர் வீடியோவில் பார்த்துவிட்டால், எந்த ஆஸ்பத்திரிக்கு வண்டியைத் திருப்புவது என்று வழியிலேயே சொல்லிவிடலாம்.

இதற்கு 4ஜியே போதுமே என்பீர்கள். சரி, டவரில் கூட்டம் இல்லாதவரை போதும். வெள்ளமோ பெரிய விபத்தோ வந்துவிட்டால் ஊரே ஒரே நேரத்தில் போனை எடுக்கும். ஆம்புலன்ஸின் வீடியோவும் யாரோ பார்க்கும் கிரிக்கெட்டும் ஒரே வரிசையில் நிற்கும். 5ஜியில் இருக்கும் நெட்வொர்க் ஸ்லைசிங், அதே டவரிலேயே அவசர சேவைக்கென்று ஒரு பங்கைத் தனியாக ஒதுக்கித் தருகிறது. 4ஜியின் முதுகில் ஏறி வரும் 5ஜியில் இது முழுதாகக் கிடைக்காது, உள்ளே இருக்கும் மையக் கட்டமைப்பும் 5ஜியாகவே இருக்க வேண்டும். 4ஜியிலும் முன்னுரிமை கொடுக்க வழி உண்டு. அமெரிக்கா 2012-ல் சட்டம் போட்டு, அவசர சேவைகளுக்கான ஃபர்ஸ்ட்நெட் என்ற நெட்வொர்க்கை உருவாக்கியதே அதற்காகத்தான். ஆக, தொழில்நுட்பம் மட்டும் வந்தால் ஆகாது, யாராவது முடிவெடுக்கவும் வேண்டும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று, அப்லோட். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது டவுன்லோட் வேகம். நாம் படம் பார்க்க அது போதும். ஆம்புலன்ஸுக்கோ படத்தை அனுப்புவதுதான் வேலை, அந்தத் திசைக்கு நெட்வொர்க்கில் ஒதுக்குவதோ கொஞ்சம்.

அவசர எண்ணை அழைத்ததும் போனே இருக்குமிடத்தை அனுப்பிவிடும் ஏஎம்எல் வசதிக்கு 5ஜி கூடத் தேவையில்லை. 2014-லேயே பிரிட்டனில் தொடங்கிவிட்டது. இன்னும் இது இல்லாத நாடுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

அலைவரிசையை ஏலம் விடும்போதே நிபந்தனைகளை எழுதிவிட வேண்டும்: நெடுஞ்சாலை முழுக்க சிக்னல், அவசர சேவைக்குத் தனிப் பங்கு, குறைந்தபட்ச அப்லோட் வேகம், மின்சாரம் போனாலும் டவர் பல மணி நேரம் ஓட பேட்டரி. ஏலம் முடிந்தபிறகு கேட்டால் எந்தக் கம்பெனியும் செய்யாது.