ஜெர்மன் வீரர் கையில் பிரௌனிங் இருந்தால் படம் போலியா?

இரண்டாம் உலகப் போர்ப் புகைப்படம் ஒன்றில் ஜெர்மன் வீரர் பிரௌனிங் ஹை-பவர் கைத்துப்பாக்கி வைத்திருக்கிறார். அது நேச நாடுகளின் ஆயுதம், ஆகவே படம் போலி என்று பரப்புகிறார்கள். இது தவறு.

ஹை-பவர் 1935-இல் பெல்ஜியத்தின் எஃப்என் என்ற ஆயுத நிறுவனத்தின் ஆலையில் உருவானது. 1940-இல் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்ததும், எர்ஸ்டாலில் இருந்த அந்த ஆலை ஜெர்மன் படைகளுக்காகவே இயங்கியது. அங்கே தயாரான ஹை-பவருக்கு ஜெர்மானியர்கள் வைத்த பெயர் 'பிஸ்டோலே 640(பி)'. நேச நாடான கனடாவின் இங்லிஸ் நிறுவனம் இதே துப்பாக்கியைச் செய்யத் தொடங்கியது 1944-இல்தான். அதாவது, ஒரே ரகத்தை இரு தரப்பும் பயன்படுத்தின.

சரி, படத்தில் எப்படி அடையாளம் காண்பது? லூகர் என்ற ஜெர்மன் கைத்துப்பாக்கியின் குழல் வெளியே மெலிதாக நீண்டிருக்கும், பின்பக்கம் மேலே மூட்டுப்போல மடங்கும் பகுதி உண்டு. இன்னொரு ஜெர்மன் கைத்துப்பாக்கியான வால்தர் பி38-இலும் குழலின் முன்பாதி வெளியே தெரியும். ஹை-பவரில் குழலை முனைவரை ஸ்லைடு (சுடும்போது முன்பின் நகரும் மேல்பகுதி) மூடியிருக்கும். அமெரிக்கக் கைத்துப்பாக்கியான கோல்ட் 1911-உம் அப்படித்தான், ஆனால் அதன் கைப்பிடியின் பின்புறம் அழுத்துகிற பாதுகாப்புப் பட்டை இருக்கும், ஹை-பவரில் கிடையாது. மங்கலான படத்தில் இது தெரியாமல் போகலாம். அப்போது உறுதியாக எதுவும் சொல்லாமல் விடுவதே நேர்மை. துப்பாக்கியை மட்டும் பார்த்து, பிடித்திருப்பவர் எந்த நாட்டவர் என்றோ படம் பொய் என்றோ தீர்மானிக்க முடியாது.