ரிசல்ட் எனக்கு, பேச்சு என் வீட்டுக்காரரிடம்

செவ்வாய்க்கிழமை கும்பகோணத்தில் ஆஸ்பத்திரியில் நடந்ததை அன்று ராத்திரியே நாலு வரி எழுதியிருந்தேன். "ஒரு வார்த்தைக்கா இவ்வளவு கோபம்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஆமாம், டாக்டர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குத்தான். "கூட யாரும்மா வந்திருக்கா? அவரை உள்ள வரச் சொல்லுங்க."

எனக்கு 43 வயது. பாப் ஸ்மியர், அதாவது கர்ப்பப்பை வாயிலிருந்து செல் எடுத்துப் பார்க்கும் டெஸ்ட், எடுத்தது எனக்கு. அந்த மேஜையில் படுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஃபேன் இறக்கையை எண்ணியது நான். ரிசல்ட் மட்டும், வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மொபைலில் மேட்டூர் நீர்மட்டம் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு!

கேட்காமல் இல்லை, கேட்டேன். "இதுல ஏ.எஸ்.சி.-யு.எஸ்.னு போட்டிருக்கே, அது என்னங்க டாக்டர்?" "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா, நாங்க பாத்துக்கறோம்." பிறகு பிரஷர் பார்க்க என்னைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தால் பேச்சு முடிந்திருந்தது. பஸ்ஸில் இவரைக் கேட்டேன். "ஒண்ணும் இல்லையாம். ஆறு மாசம் கழிச்சு வரணுமாம்." ஒன்றும் இல்லையென்றால் எதற்கு ஆறு மாசம்? இவர் ஜன்னலுக்கு வெளியே நாற்றங்காலைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நாகப்பட்டினத்தில் நர்ஸாக இருக்கும் என் சித்தி மகள்தான் போனில் சொன்னாள். கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த செல்லில் சிலது கொஞ்சம் மாறியிருக்கிறது, அதற்கு என்ன அர்த்தம் என்று முடிவாகச் சொல்ல முடியவில்லை. அந்த எழுத்துகளுக்கு விரிவே அதுதானாம். கேன்சர் என்று அர்த்தம் இல்லை, சாதாரணத் தொற்றில்கூட இப்படி வரலாம். கர்ப்பப்பை வாய்க் கேன்சருக்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று ஒரு டெஸ்ட் உண்டு. இருந்தால் கால்போஸ்கோப்பி என்று அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். இல்லையென்றால் நிம்மதியாக இருந்துவிட்டு, சொன்ன நாளில் மறுபடி பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். இதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

லேப்காரர் "தெரியவில்லை" என்று எழுத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதைத் தமிழில் எனக்குச் சொல்லத்தான் டாக்டருக்கு வாய் வரவில்லை. தெரியாததைத் தெரியலைன்னு சொல்லுங்க. ஆனால் என்னிடம் சொல்லுங்க.

"டாக்டர் ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்ப்பார் தெரியுமா?" தெரியும். கையில் டோக்கனோடு மூன்று மணி நேரம் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். அது உண்மையான கஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே நேரம்தானே என் வீட்டுக்காரருக்கும் செலவானது? எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும்தான் கூட்டம். அங்கே போன வருஷம் இதே கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போனபோது, "வினிகர் மாதிரி ஒரு தண்ணி தடவுவோம்க்கா, எங்கயாவது வெள்ளையா மாறினா மேல பாக்கச் சொல்லுவோம், மாறலைன்னா வீட்டுக்குப் போகலாம்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னது ஒரு சின்னப் பெண். அதற்கு ஒரு பைசா வாங்கவில்லை.

"பொம்பளைங்க பயந்துடுவாங்கன்னுதான் சொல்றதில்லை." அடேங்கப்பா, எவ்வளவு கருணை! சொல்லாததால் நான் ரெண்டு ராத்திரி தூங்கவில்லை. அதை எந்தக் கணக்கில் வைப்பது?

என் பெரியம்மா கதையைச் சொல்கிறேன். வலங்கைமான் பக்கம். 1994-ல், 38 வயதில், பெரும்பாடு, அதாவது அதிக உதிரப்போக்கு, நிற்காமல் போய் தஞ்சாவூரில் ஆபரேஷன். கையெழுத்துப் போட்டது பெரியப்பா. "கர்ப்பப்பையில கட்டி, எடுத்தாச்சு" என்று பெரியம்மாவுக்குச் சொன்னதும் பெரியப்பாதான். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் நடுராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்வார், புடவை வேர்வையில் நனைந்திருக்கும். சூட்டு உடம்பு என்று வெந்தயமும் இளநீரும் கொடுத்தோம். ஒரு சம்பா அறுப்பின்போது களத்தில் லேசாக வழுக்கினார், மணிக்கட்டு முறிந்தது. போன வருஷம் பெரியம்மா சீட்டெல்லாம் வைத்திருக்கும் மஞ்சப்பையைப் பிரித்து டிஸ்சார்ஜ் சீட்டைப் படித்தேன். டி.ஏ.ஹெச்., பி.எஸ்.ஓ. என்று இருந்தது. கர்ப்பப்பையோடு ரெண்டு சினைப்பையையும் எடுத்திருக்கிறார்கள். ரெண்டையும் எடுத்தால் அன்றைக்கே மாதவிடாய் நின்ற உடம்பாகிவிடும், அப்படித்தான் வேர்க்கும். எலும்பும் வேகமாகத் தேயும். அன்றைக்கு அந்த ஆபரேஷன் தேவைப்பட்டே இருக்கலாம், அதை நான் கேட்கவில்லை. ஆறு எழுத்துக்கு அர்த்தம் சொல்ல யாருக்குமே நேரம் இல்லாமல் போனதைத்தான் கேட்கிறேன்.

"சட்டம் பேசாதே" என்று வருவீர்கள், வாருங்கள். பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்கத்தில் இருந்த 44 வயதுப் பெண்ணுக்கு, அம்மாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு இதே ஆபரேஷனைச் செய்த வழக்கு ஒன்று உண்டு. உயிர் போகிற அவசரம் இல்லாதபோது அவள் சம்மதம்தான் வேண்டும், அம்மாவின் சம்மதம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. பெற்ற தாய்க்கே அப்படி. புருஷனை உள்ளே கூப்பிடுகிறவர்கள் ஒருமுறை படிக்கலாம்.

உண்மையைச் சொன்னால் டாக்டர்மேல் இருந்த கோபம் புதன்கிழமையே பாதி குறைந்துவிட்டது. இவர்மேல்தான் குறையவில்லை. "கேன்சரா இருக்க வாய்ப்பு கம்மி"ன்னு டாக்டர் இவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தை இவருக்குத் தெரிந்திருக்கிறது. ரெண்டு நாளாக அதை மனசில் வைத்துக்கொண்டு என் கையால் காபி வாங்கிக் குடித்திருக்கிறார். "நீ பயந்துடுவேன்னுதான்..." என்கிறார். இவரும்!

கமெண்டில் தயவுசெய்து யாரும் சோற்றுக்கற்றாழை ஜூஸ் எழுத வேண்டாம். அடுத்த வியாழக்கிழமை மறுபடி போகிறேன். அஞ்சு கேள்வியைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். இவர் வீட்டில் இருப்பார், மோட்டார் போட ஆள் வேண்டும். கூட வருவது பெரியம்மா. மஞ்சப்பையையும் எடுத்துக்கொண்டு வருகிறாராம். "என் சீட்டையும் அந்த டாக்டரம்மாகிட்ட காட்டலாமா பாப்பா? நான் ஒண்ணும் கேக்க மாட்டேன், நீயே கேளு" என்றார்.