பரிசு வாங்கிய கோழியின் உடன்பிறப்புகள் எங்கே?

அழகுக் கோழிக் கண்காட்சிகளில் ஒற்றைக் கோழிக்குக் கோப்பை கொடுக்கிற வழக்கம் எனக்கு நெடுநாளாகவே ஒப்பவில்லை. கண்காட்சியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. முட்டைக்கும் கறிக்கும் தனித்தனிக் கலப்பினங்கள் வந்த பிறகு பழைய இனங்களைத் தாங்கிப் பிடித்ததில் பெரிய பங்கு கண்காட்சிக்காரர்களுக்கு உண்டு. அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன். வளர்ப்பவர் உருவாக்குவது ஒரு கோழிக் கூட்டத்தை. நடுவர் கையில் எடுத்துப் பார்ப்பது அதிலிருந்து பொறுக்கிய ஒன்றை. அதே அடையில் பொரித்த மற்றவை எப்படி இருக்கின்றன, பொரிக்காமல் போனவை எத்தனை என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

பார்டு பிளைமவுத் ராக் இனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பும் வெளுப்பும் மாறி மாறி வரும் பட்டை இறகு. அந்தப் பட்டையைத் தரும் மரபணு பாலினக் குரோமோசோமில் இருக்கிறது. இசட் எனப்படும் அந்தக் குரோமோசோம் கோழிகளில் சேவலுக்கு இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். அதனால் தூய இனச் சேவலுக்குப் பட்டை மரபணு இரட்டிப்பாக வந்து வெள்ளைப் பட்டை அகலமாகிறது. நிறமும் வெளிறித் தெரிகிறது. பெட்டை இயல்பாகவே கொஞ்சம் கருத்திருக்கும். ஆனால் கண்காட்சியில் சேவலும் பெட்டையும் ஒரே சாயலில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். வளர்ப்பவர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு தனி லைன்களை, அதாவது ஒன்றோடொன்று கலக்காத வம்சவழிகளை, வைத்துக்கொண்டார்கள். ஒரு லைனில் சேவல் சரியான நிறத்தில் வரும், அதன் கூடப்பிறந்த பெட்டைகள் அளவுக்கு மீறிக் கருத்துப் போகும். இன்னொரு லைனில் பெட்டை சரியாக வரும், சேவல்கள் வெளிறிப் போகும். பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் ஜோடிபோல நின்று பரிசு வாங்கும் சேவலும் பெட்டையும் உண்மையில் ஜோடி சேர்க்கக் கூடாதவை. சேர்த்தால் இரண்டு லைனும் கெடும். இதைத் தெரியாமல், வென்ற சேவலையும் வென்ற பெட்டையையும் பெரிய விலை கொடுத்து வாங்கிப்போய், குஞ்சுகளைப் பார்த்து மனம் உடைந்து வளர்ப்பையே விட்டவர்கள் உண்டு. அவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. கண்காட்சி அவர்களுக்குக் காட்டியது அப்படி.

செப்ரைட்டில் இது வேறு விதமாக வரும். 1800களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சர் ஜான் செப்ரைட் உருவாக்கிய குட்டி இனம் அது. ஒவ்வொரு இறகுக்கும் கறுப்பில் விளிம்பு கட்டியிருக்கும். சேவலுக்கு வளைந்த வாலிறகு கிடையாது, கழுத்திலும் கூரிறகு கிடையாது. இறகுக்கு அது பெட்டைதான். ஆண் ஹார்மோனைத் தோலிலேயே பெண் ஹார்மோனாக மாற்றும் மரபணு அதற்குக் காரணம். இந்த இனத்தில் கரு கூடாத முட்டைகள் அதிகம் என்பது பழைய குறை. அதனால் வாலில் கொஞ்சம் சேவல் சாயல் தெரியும் ஆணை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். அந்தத் தகப்பனை மேசைக்குக் கொண்டுபோனால் நடுவர் திருப்பி அனுப்பிவிடுவார். அதன் மகன் கோப்பை வாங்கும்.

இவற்றைவிட எனக்கு வலிப்பது ஜப்பானின் சாபோ கோழி. தரையைத் தொடுகிற மாதிரி குட்டைக் கால், நிமிர்ந்த வால், பார்க்கப் பார்க்க ஆசை வரும். அந்தக் குட்டைக் கால் மரபணு ஒன்று இருந்தால் அழகு, இரண்டு சேர்ந்தால் சாவு. குட்டைக் கால் சேவலையும் குட்டைக் கால் பெட்டையையும் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒரு கரு முட்டைக்குள்ளேயே, தொடக்க நாட்களிலேயே செத்துவிடும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அரகானாவின் காதோரக் குஞ்சத்துக்கும் இதே கணக்குதான். அங்கே கரு பெரும்பாலும் பொரிக்கும் தறுவாய் வரை வளர்ந்துவிட்டுச் சாகிறது. இதற்கு வழி இல்லாமல் இல்லை. குட்டைக் காலை நெட்டைக் காலோடும், குஞ்சம் உள்ளதைக் குஞ்சம் இல்லாததோடும் சேர்த்தால் இந்த இரட்டை மரபணுச் சாவு வராது, பாதிக் குஞ்சு விரும்பியபடியே கிடைக்கும். அப்படிச் செய்பவர் நெட்டைக் கால் பறவைகளுக்கும் தீனி போட்டு வளர்க்க வேண்டும், அவை எந்தப் பிரிவிலும் நிற்க முடியாது. அவர் உழைப்புக்கு நடுவரின் தாளில் ஒரு புள்ளிகூட இல்லை என்பதுதான் என் ஆற்றாமை.

ஃபிரிசில் என்ற சுருள் இறகுக் கோழியிலும் அப்படியே. சுருளையும் சுருளையும் சேர்த்தால் நாலில் ஒன்றுக்கு இறகு நொறுங்கி உதிர்ந்து, உடம்பு வெறுமையாகி, குளிர் தாங்காமல் அவதிப்படும். சாதா இறகோடு சேர்ப்பதே முறை. போலிஷ் என்ற குடுமிக் கோழி இனத்தில் தலைக்குடுமிக்கு அடியில் மண்டையோடு புடைத்திருக்கும், சிலவற்றில் எலும்பு முழுதாக மூடியிருக்காது. அந்த இடத்தில் ஒரு கொத்து விழுந்தால் குஞ்சு பிழைப்பது அரிது. குடுமி கண்ணை மறைக்கிறது, பருந்து வருவது தெரியாது. இருந்தும் இன்னும் பெரிய குடுமி, இன்னும் பெரிய குடுமி என்றே போய்க்கொண்டிருக்கிறோம்.

1845ல் லண்டன் விலங்கியல் பூங்காவில் கோழிக் கண்காட்சி வைத்தார்கள். 1865ல் இங்கிலாந்தில் இனங்களுக்கான தர விதிகள் அச்சாகின. அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் 1873ல் தொடங்கி அடுத்த ஆண்டே தன் விதிகளை வெளியிட்டது. அந்த விதிகளெல்லாம் மனிதர் எழுதியவை. பிறகு பலமுறை திருத்தவும் பட்டவை. இன்னொரு முறை திருத்தினால் குடி முழுகிவிடாது. மலேசியாவின் செரமாவைப் பாருங்கள். கைக்குள் அடங்கும் அந்தக் கோழியை மேசைமேல் விட்டு, நடையையும் நிமிர்வையும் துணிச்சலையும் பார்த்துத்தான் மதிப்பெண் போடுகிறார்கள். கூண்டைவிட்டு வெளியே வந்தால் நொண்டுகிறதா, மூச்சு இரைக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். எல்லா இனத்துக்கும் இது வேண்டும் என்பேன்.

ஒரு சேவல், இரண்டு பெட்டை என்று செட்டாக நிறுத்தும் பிரிவு சில கண்காட்சிகளில் இருக்கிறது. ஓரத்தில் கிடக்கும் அந்தப் பிரிவுக்குத்தான் பெரிய கோப்பை போக வேண்டும். அதிலும் மூன்றும் ஒரே லைனாக, சேர்த்தால் தம்மைப் போன்ற குஞ்சு தருபவையாக இருக்க வேண்டும். கூடவே கூண்டில் ஓர் அட்டை: அடை வைத்த முட்டை எத்தனை, கரு கூடியது எத்தனை, ஓட்டுக்குள் செத்தது எத்தனை, பொரித்தது எத்தனை, வளர்ந்து நிற்பது எத்தனை. நெருங்கிய உறவிலேயே தொடர்ந்து சேர்த்து வந்தால் இறகில் ஒன்றும் தெரியாத காலத்திலேயே பொரிப்பு குறைய ஆரம்பித்துவிடும். அட்டையில் அது தெரியும்.

புதிதாக வளர்க்க வருபவர்களுக்கும் இதையே சொல்வேன். வென்ற சேவலை விலை பேசாதீர்கள். அந்த வளர்ப்பாளரின் பட்டிக்குப் போய், அதே தாய் தகப்பனின் குஞ்சுகள் எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள். வாங்குவதானால் அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு செட்டாக வாங்குங்கள்.

அட்டையில் பொய் எழுதுவார்களே என்று ஒரு நண்பர் கேட்டார். எழுதுவார்கள்தான். தவறான நிற இறகைப் பிடுங்கிவிட்டும் சாயம் பூசியும் கொண்டுவருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள், அதைக் கண்டுபிடித்து வெளியேற்றுகிற நடுவர்களும் இருக்கிறார்கள். ஒரே பட்டியின் அட்டைகள் நாலைந்து ஆண்டுக்குச் சேர்ந்துவிட்டால், எந்த எண் நம்பும்படி இல்லை என்பதும் அவர்கள் கண்ணுக்குத் தப்பாது.