பழைய கார்வெட்டில் கழற்றும் கூரை அபூர்வமா?

“1970களின் செவ்ரோலெட் கார்வெட் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரில் கழற்றி எடுக்கும் கூரைப் பலகைகள் இருந்தால் அது அபூர்வமான கார், விலை கூடத்தான் இருக்கும்” என்று ஒரு செய்தி பரவுகிறது. இது தவறு.

1968 முதல் 1982 வரையிலான மூன்றாம் தலைமுறை கார்வெட்டில் கூபே (மடக்குக் கூரை இல்லாத, கெட்டிக் கூரை) வகை அனைத்துமே இந்தக் கூரையோடுதான் வந்தன. நடுவில் ஒரு பட்டை, இருபுறமும் ஒவ்வொரு பலகை. கழற்றி இருக்கைகளுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். மடக்குக் கூரை கொண்ட கன்வெர்டிபிள் வகை 1975 மாடலோடு நிறுத்தப்பட்டது. ஆகவே 1979 மாடலாகத் தயாரான 53,807 கார்களிலும் இதே கூரைதான்! எல்லாக் கூபே காரிலும் இருப்பதை அபூர்வம் என்று சொல்லி விற்பது அநியாயம்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியது வேறு: இரண்டு பலகைகளும் இருக்கின்றனவா, ஓரத்து ரப்பர் மழைநீரைத் தடுக்கிறதா?