தியால்ஃபியும் ரோஸ்க்வாவும் போரில் பிடிபட்ட அடிமைகள் அல்லர்

நோர்ஸ் புராணத்தின் இடிக்கடவுளான தோரின் பணியாளர்களான தியால்ஃபியும் அவனுடைய சகோதரி ரோஸ்க்வாவும் போரில் சிறைபிடிக்கப்பட்டவர்கள் என்றும், சுமை தூக்குவதைத் தவிர அவர்களுக்குக் கதைகளில் வேலையே இல்லை என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் மூலநூல்களுக்குப் பொருந்தவில்லை.

13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய நோர்ஸ் புராணத் தொகுப்பான உரைநடை எட்டாவின்படி, ஓர் உழவர் வீட்டில் இரவு தங்கிய தோர், தன் தேரை இழுக்கும் இரு ஆட்டுக்கடாக்களையும் அறுத்துச் சமைத்து, அக்குடும்பத்தாரையும் விருந்துக்கு அழைத்து, எலும்புகளைத் தோலின் மேல் போடச் சொல்கிறான். உழவரின் மகனான தியால்ஃபியோ மஜ்ஜைக்காகத் தொடையெலும்பைக் கத்தியால் பிளந்துவிடுகிறான். மறுநாள் காலை சுத்தியலால் உயிர்ப்பிக்கப்பட்ட கடாக்களுள் ஒன்று பின்னங்காலை நொண்டவே, தோரின் சினத்துக்கு அஞ்சிய குடும்பத்தார் தம் உடைமை அனைத்தையும் ஈடாகத் தர முன்வருகிறார்கள். சினம் தணிந்த அவன் பிள்ளைகள் இருவரையும் இழப்பீடாக ஏற்றுக்கொள்கிறான். ஹைமிர் என்ற அரக்கனைப் பற்றிய பழைய நோர்ஸ் பாடல் ஆடு நொண்டியதற்குச் சூழ்ச்சிக்காரக் கடவுளான லோகியைக் காரணமாகச் சொன்னாலும், பிள்ளைகள் ஈடாகத் தரப்பட்டார்கள் என்பதில் மாறுபடவில்லை.

தியால்ஃபி தோரின் பையைச் சுமந்தது உண்மைதான். ஆனால் ஹ்ரூங்னிர் என்ற அரக்கனுடனான போரில், தோர் நிலத்தடியிலிருந்து வருவான் என்று நம்பவைத்து அந்த அரக்கனைத் தன் கேடயத்தின் மேலேயே ஏறி நிற்கச் செய்தவனும், களிமண்ணால் ஆன மொக்குர்கால்வி என்ற அரக்கனை வீழ்த்தியவனும் அவனே. அவனை வெறும் சுமையாளாகச் சுருக்குவது அநீதி என்றே கருதுகிறேன். ரோஸ்க்வாவைப் பற்றித்தான், அவளும் தோருடன் சென்றாள் என்பதற்கு மேல் ஸ்னோரி ஏறக்குறைய எதுவும் கூறவில்லை.