கேள்வி கேட்ட பிள்ளை பள்ளிக்குள்தான் இருந்தது

எல்லோருக்கும் ஸலாம். நம் பள்ளிவாசலில் நடந்த இளைஞர் நிகழ்ச்சியில் கேள்வி கேட்ட ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு பெரியவர் வாட்ஸ்அப்பில் பேசிப் போட்ட அந்த வொய்ஸ் எனக்கும் வந்தது. ஊர்க் குழு, குடும்பக் குழு, சமையல் குழு என்று எல்லா வழியாலும் வந்தது. சமையல் குழுவில் யாரோ வட்டிலப்பத்துக்கு எத்தனை முட்டை என்று கேட்டிருந்தார்கள், அதற்குக் கீழே வந்து விழுந்து கிடந்தது. "இங்க பொறந்து வளர்ந்த புள்ளைகளுக்கு வெள்ளைக்காரன்ட புத்தி வந்துட்டு, மார்க்கத்த விட்டுப் போகுதுகள்." யார் பேசியது, யாரைப் பற்றி என்று நான் விளக்கத் தேவையில்லை. லண்டனில் இருக்கிற நம்மாட்களுக்கு இந்த வாரம் முழுக்க அதுதான் கதை.

பெயர் போட மாட்டேன். வயதில் மூத்தவர், நான் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடுகிறவர். ஆனால் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கவும் முடியவில்லை.

அந்தப் பிள்ளை என்னதான் கேட்டாள்? வொய்ஸை ஃபார்வர்ட் செய்த பாதிப் பேருக்கு அது தெரியாது. நான் அங்கே இருந்தேன். அஸருக்குப் பிறகு நடந்த இளைஞர் நிகழ்ச்சி. "கேள்விகளை எழுதித் தராமல் நேரடியாகவே கேளுங்கள்" என்று சொல்லி மைக்கைப் பெண்கள் பக்கம் அனுப்பியது நீங்கள்தான் காக்கா. அவள் எழுந்து ஸலாம் சொல்லிவிட்டு, பாதி தமிழும் பாதி இங்கிலீஷுமாகக் கேட்டது இவ்வளவுதான்: நம் பள்ளிவாசலில் நிக்காஹ் செய்ய வருகிறவர்களிடம் சிவில் பதிவு முடிந்துவிட்டதா என்று ஏன் கேட்பதில்லை? பதிவு இல்லாமல் நிக்காஹ் செய்ய மாட்டோம் என்று ஒரு விதி வைத்தால் என்ன?

அவ்வளவுதான். தொழுகை வேண்டாம் என்றாளா? வலீ (பெண்ணின் பொறுப்பாளர்) வேண்டாம் என்றாளா? ஷரீஅத்தை மாற்றச் சொன்னாளா? ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோழிகளோடு எங்காவது சுற்றப் போகாமல், பள்ளிக்கு வந்து, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, மைக் கைக்கு வரும்வரை காத்திருந்து கேட்ட பிள்ளை அவள். மார்க்கத்தை விட்டுப் போகிறவர்கள் உங்களிடம் வந்து கேள்வி கேட்டுவிட்டா போகிறார்கள்? சத்தம் போடாமல் போய்விடுவார்கள். பெருநாளைக்கு மட்டும் புது உடுப்போடு வந்து நிற்பார்கள், நீங்களும் கட்டிப்பிடித்து முஆனகா செய்து சந்தோஷப்படுவீர்கள். கேட்கிற பிள்ளை உள்ளே இருக்கிற பிள்ளை. இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்.

இனி அவள் கேட்ட விஷயத்துக்கே வருவோம், அதை யாரும் பேசவில்லை என்பதால். இலங்கையில், நம் ஊரில், காவின் (கல்யாணப் பதிவு) எழுதினால் கதை முடிந்தது. 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் பதிவாளர் கல்யாண வீட்டுக்கே புத்தகத்தோடு வருவார், நிக்காஹ்வும் பதிவும் ஒரே இருப்பில் நடக்கும். பதிவு செய்யாமல் விட்டாலும் நிக்காஹ் சரியாக நடந்திருந்தால் ஊர்ச் சட்டத்தில் அது கல்யாணம்தான். அந்த நினைப்பில்தான் நம் பெரியவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. வெறும் நிக்காஹ் மட்டும் செய்தால் இங்கிலாந்துச் சட்டத்தின் கண்ணில் அங்கே கல்யாணமே நடக்கவில்லை. 2020 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. செல்லாத கல்யாணம் என்றுகூடச் சொல்லவில்லை. செல்லாத கல்யாணம் என்றாலாவது மனைவி சொத்தில் பங்கு கேட்கலாம், அந்த வழியும் கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி இருக்கிறாள். நம்மூர்ப் பிள்ளைதான். இங்கே ஒரு பள்ளியில் நிக்காஹ் நடந்தது, பிரியாணி போட்டோம், நான்தான் அவளுக்கு மருதாணி வைத்தேன். பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகிற வயது வந்த பிறகு மாப்பிள்ளை ஃபோனில் தலாக் சொன்னார். வீடு அவர் பெயரில். நானும் அவளுமாகச் சொலிசிட்டரிடம் போனோம். அவள் நிக்காஹ் பத்திரத்தை லேமினேட் செய்து வைத்திருந்தாள், பச்சை பார்டர், பள்ளியின் முத்திரை, இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண்மணி வாசித்தார், பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார், மேசையில் வைத்து மெதுவாக எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். "இதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது." நிக்காஹ்வை நடத்திய பள்ளிக்கு ஃபோன் செய்தோம். "அது உங்கள் குடும்ப விஷயம், சபூர் (பொறுமை) செய்யுங்கள்" என்றார்கள்.

இதற்குப் பிறகும் அந்தக் கேள்வி வெள்ளைக்காரன் புத்தி என்றால், சரி, எனக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் பழைய கதையும் பேசுவோமா காக்கா? என் மூத்தம்மா வீட்டில் வெள்ளி இரவு ராத்திபு ஓதுவார்கள். ரபீஉல் அவ்வல் பிறந்தால் நபியவர்களைப் புகழ்ந்து ஓதும் மவ்லூது, நேர்ச்சைச் சோறு, சாம்பிராணி. அறபுத் தமிழ்க் கிதாபைத் தலையணை உறைக்குள் வைத்திருப்பா, ஒழு இல்லாமல் தொட விட மாட்டா. அப்புறம் வளைகுடாவுக்குப் போன நம் இளைஞர்கள் கெசட்டும் கிதாபுமாகத் திரும்பி வந்தார்கள். மவ்லூது பித்அத் (மார்க்கத்தில் இல்லாத புதுமை), இறந்தவர்களுக்குக் கத்தம் ஓதுவது பித்அத், கந்தூரி ஷிர்க் (அல்லாஹ்வுக்கு இணை வைப்பது) என்றார்கள். வீட்டுக்கு வீடு சண்டை. ஒரே தெருவில் இரண்டு பள்ளி. பெற்ற வாப்பாவுக்கே கத்தம் ஓத மாட்டேன் என்று நின்ற பிள்ளைகள் உண்டு. நீங்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்கள், ஊரே அறியும். உங்கள் வாப்பா அழுதழுது சொன்னாராம், "நம்மட மூத்தவங்க எல்லாம் மடையனுகளா மகன்?" என்று. நீங்கள் என்ன சொன்னீர்கள்? மார்க்கத்துக்கு ஆதாரம் வேண்டும், வழக்கம் ஆதாரமாகாது என்றீர்கள்.

நீங்கள் சொன்னது சரியா பிழையா என்று நான் இங்கே பேச வரவில்லை. மவ்லூது ஓதிய வீட்டுப் பிள்ளை நான், எனக்கு என் வருத்தம் இருக்கிறது, அது வேறு. ஆனால் இருபது வயதில் நீங்கள் கேட்டால் அது மார்க்க விளக்கம், அதே வயதில் இவள் கேட்டால் வழிகேடா? வழக்கம் ஆதாரமாகாது என்று கற்றுத் தந்த தலைமுறைக்கு, பிள்ளைகள் அதையே திருப்பிச் சொல்லும்போது ஏன் இவ்வளவு கோபம்?

நாம் ஷாஃபிஈ மத்ஹப் (இமாம் ஷாஃபிஈயின் மார்க்கச் சட்ட வழி) என்று மார் தட்டுகிறோம். இமாம் ஷாஃபிஈ கஸ்ஸாவில் பிறந்து, மக்காவில் வளர்ந்து, மதீனாவில் இமாம் மாலிக்கிடம் ஓதி, பக்தாதில் பேர் எடுத்து, ஹிஜ்ரி 204இல் எகிப்தில் வபாத்தானவர்கள். இராக்கில் சொன்ன கருத்துகளில் எத்தனையோவற்றை எகிப்துக்குப் போன பிறகு மாற்றிக்கொண்டார்கள். மதரசாவில் ஓதிய எந்தப் பிள்ளையும் சொல்லும், பழைய கவ்ல் (கருத்து), புதிய கவ்ல் என்று. நாடு மாறியபோது இமாமே உட்கார்ந்து மறுபடியும் யோசித்திருக்கிறார்கள். நாம் ஊரிலிருந்து லண்டன் ஹாரோவுக்கு வந்து சேர்ந்துவிட்டோம், பள்ளியில் ஒரு படிவத்தை மாற்றச் சொன்னால் ஈமான் போய்விடுமாம்.

இப்போது கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு.

"ராத்தா, இங்கே நம்மைப் பார்த்து எரிகிறவர்கள் ஆயிரம் பேர். இந்த நேரத்தில் நம் வீட்டு அழுக்கை வெளியே காட்டலாமா?" நான் தமிழில் எழுதுகிறேன் தம்பி, எரிகிறவர்கள் எவரும் இதை வாசிக்கப் போவதில்லை. 2024 ஜூலைக் கடைசியில் சவுத்போர்ட்டில் சிறுமிகளைக் கொன்ற கொலைகாரன் முஸ்லிம் என்று பொய்யைப் பரப்பி அங்கேயுள்ள பள்ளிவாசலுக்குக் கல்லெறிந்தார்களே, அந்த வாரம் நினைவிருக்கிறதா? அடுத்து எந்த ஊரோ என்று எல்லோரும் பயந்து கிடந்தோம். என்னை வீட்டை விட்டு வெளியே போகாதே என்று உம்மா ஊரிலிருந்து அழுதா. நம் பள்ளி வாசலில் இரவில் போய் நின்றது யார்? டிராக் சூட் போட்ட, முடியை ஒரு மாதிரி வெட்டிய, நீங்கள் ஜும்ஆவில் முறைத்துப் பார்க்கிற அதே பொடியன்கள்தான். அவர்களுக்கு ஃபிளாஸ்கில் தேத்தண்ணீர் கொண்டு போனவர்களில் இந்தப் பிள்ளையும் ஒருத்தி. அன்றைக்கு அவர்கள் மாஷா அல்லாஹ் பிள்ளைகள், இல்லையா?

"பிள்ளைகளுக்கு ஒரு வரம்பு வேண்டாமா?" வேண்டும். நானும் உம்மாதான், எனக்கும் பயம் இருக்கிறது. மகள் கதவைச் சாத்தினால் யாரோடு கதைக்கிறாள் என்று காது கொடுக்கிறவள்தான் நான். ஆனால் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவதற்கு வரம்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

"முறையாக ஓதாத பெண்கள் மார்க்கம் பேசக் கூடாது." இதற்குப் பதில் எழுதவே மனமில்லை. கணவன் மீது முறைப்பாடு கொண்டு போய் நபியவர்களோடு விடாமல் வாதாடிய கவ்லா ரழியல்லாஹு அன்ஹா எந்த மதரசாவில் பட்டம் எடுத்தார்கள்? அவருடைய வாதத்தைக் கேட்டுவிட்டேன் என்று அல்லாஹ் 58ஆவது சூராவைத் தொடங்குகிறான். அல்லாஹ்வுக்குக் கேட்கிறது. நம் கமிட்டிக்குக் கேட்கவில்லை.

"ஊரில் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது, இங்கேதான் கெட்டுப் போச்சு." அப்படியா? அந்த 1951 சட்டத்தில் மணப்பெண் கையெழுத்துப் போடத் தேவையில்லை, தெரியுமா? அதைத் திருத்த 2009இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு போட்டார்கள், அறிக்கை கைக்கு வந்தது 2018இல். மஹர் கொடுக்க வேண்டிய மாப்பிள்ளைக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுக்கப் பெண்ணின் வாப்பா கடன்பட்டுச் சாகிறாரே, அதற்கு எந்த சூராவில் ஆதாரம்? அந்தக் கல்யாணங்களில் எத்தனைக்கு நீங்கள் துஆ ஓதியிருக்கிறீர்கள் காக்கா? ஒரு வொய்ஸாவது போட்டீர்களா?

எனக்கு உண்மையிலேயே மனம் நோவது எங்கே என்றால், இந்தப் பிள்ளைகளுக்குக் கேட்க இடமே இல்லை. 2015இலிருந்து இங்கே பள்ளிக்கூடங்களுக்கு பிரிவென்ட் கடமை (பிள்ளைகள் தீவிரவாதத்துக்குள் போகாமல் தடுக்கும் சட்டப் பொறுப்பு) இருக்கிறது. மார்க்கத்தைப் பற்றியோ பலஸ்தீனத்தைப் பற்றியோ வாய் திறந்தால் டீச்சர் எங்கே எழுதி வைத்துவிடுவாரோ என்று பிள்ளைகள் யோசித்துத்தான் பேசுகிறார்கள். என் மகன் வகுப்பில் கையே தூக்குவதில்லை என்று டீச்சர் குறை சொன்னார், ஏன் என்று கேட்டால் "சேஃபா இருக்கலாம் உம்மா" என்கிறான். வகுப்பில் கேட்டால் சந்தேகம், பள்ளிவாசலில் கேட்டால் வழிகேடு, வீட்டில் கேட்டால் வாய் நீளம். அப்புறம் எங்கே போய்க் கேட்பார்கள்? நடுச்சாமத்தில் போனில் கேட்பார்கள். யாரென்றே தெரியாத ஒருவர் டிக்டாக்கில் ஒரு நிமிஷத்தில் ஹலால் ஹராம் சொல்லிவிடுவார்.

2021 கணக்கெடுப்பின்படி இங்கிலாந்து, வேல்ஸில் முஸ்லிம்கள் 39 லட்சம். பாதிப் பேருக்கு வயது 27க்குள்தான், ஏறக்குறைய பாதிப் பேர் இந்த நாட்டிலேயே பிறந்தவர்கள். நாம்தான் வந்து ஒட்டிக்கொண்டவர்கள், இது அவர்கள் பிறந்த ஊர். நம் ஜனாஸாவைத் தொழ வைக்கப் போகிறவர்களும் அவர்கள்தான். அவர்களைப் பார்த்து "போகுதுகள், போகுதுகள்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் ஒருநாள் போய்த்தான் விடுவார்கள்.

அந்தப் பிள்ளையின் உம்மா நேற்று இரவு எனக்கு ஃபோன் செய்தா. பேசவில்லை, அழுதா. மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிற வீடு. வொய்ஸ் மாப்பிள்ளை வீட்டுக்கும் போய்விட்டதாம். இது யாருடைய கணக்கில் எழுதப்படும்? ஃபார்வர்ட் பண்ணியவர்களும் யோசியுங்கள். புறம் பேசுவதைப் பற்றி ஜும்ஆவில் கேட்டதெல்லாம் வாட்ஸ்அப்புக்குப் பொருந்தாது என்று யாராவது ஃபத்வா தந்திருக்கிறார்களா?

நிர்வாகத்தில் இருக்கிற சகோதரர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறீர்கள், எனக்குத் தெரியும். மன்னிப்பு, விளக்கக் கூட்டம், பெரியவர்கள் சமரசம் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். அவள் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். நிக்காஹ்வுக்கு முன் சிவில் பதிவுச் சான்றிதழைப் பள்ளி கேட்குமா, கேட்காதா? ஆம் என்றோ இல்லை என்றோ நோட்டீஸ் போர்டில் எழுதி ஒட்டுங்கள். இல்லை என்றால் காரணத்தையும் எழுதிக் கீழே கையெழுத்துப் போடுங்கள்.